சுற்றுலாவுக்கு இரண்டு சக்கரம் போதும்

மேல்நிலை முதலாம் ஆண்டு ‘ஆ’ பிரிவு மாணவியர்

சுற்றுலா என்றதும் உள்ளம் துள்ளாத மாணவி உண்டோ? பள்ளி நாட்குறிப்பு கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது தேர்வு நாட்களையா, சுற்றுலா நாட்களையா? உண்மையைச் சொன்னால் ஆசிரியைகள் வருந்தக்கூடும். ஆகவே அதை விடுத்து, வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். சுற்றுலா சென்று திரும்பிய நாம், அங்கே எதைத்தான் கண்டு வந்தோம்?

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது கொடைக்கானல் சென்றோம். இரவு பத்து மணிக்குப் பேருந்து புறப்பட்டது. விடியும்வரை பாட்டும் கூத்தும். மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கியதும் பாட்டு நின்றது; பாதிப் பேருக்கு வாந்தி. பிறகு ஒரே பகலில் வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரி, கோக்கர்ஸ் வாக், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, குறிஞ்சி ஆண்டவர் கோயில் என ஏழு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம். “இறங்குங்கள்”, “ஏறுங்கள்”, “எண்ணிக்கை சரியா?” என்ற மூன்று குரல்களே இன்றும் எங்கள் காதில் ஒலிக்கின்றன. தூண் பாறையில் பனிமூட்டம், பாறை தெரியவில்லை. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும், 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் பூக்கும் என்று பாடத்தில் படித்திருந்தோம். பூ இல்லாவிட்டாலும் செடியையாவது பார்க்க ஆசைப்பட்டோம். எது குறிஞ்சிச் செடி என்று கேட்பதற்குள் ஓட்டுநர் ஒலிப்பான் அடித்துவிட்டார். திரும்பி வந்து, “மறக்க முடியாத சுற்றுலா” என்று கட்டுரை எழுதி, பத்துக்கு எட்டு மதிப்பெண்ணும் பெற்றோம்!

அந்தப் பயணத்தை நாங்கள் பழிக்கவில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். ஆனால் அந்த மகிழ்ச்சி பேருந்துக்குள்ளே இருந்தது, மலையில் அன்று. இவ்வாண்டு ஜனவரித் திங்களில் வேறு விதமான ஒரு பயணம் எங்களுக்கு வாய்த்தது. அதன் பிறகே இந்த வேறுபாடு விளங்கிற்று. அதனால் துணிந்து ஒரு கருத்தைச் சொல்கிறோம்: நம் பள்ளியின் சுற்றுலாக்களில் ஆண்டுக்கு ஒன்றேனும் மிதிவண்டியில் நடைபெற வேண்டும். விளையாட்டும் பயணமும் ஒன்றாகச் சேரும்போதுதான் நாம் பிறந்த மண்ணையும் அதன் மக்களையும் உண்மையாகக் காண்கிறோம்.

மேல்நிலை முதலாம் ஆண்டில் நமக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கப்பெற்ற திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. எங்கள் வகுப்பில் 43 பேர். மிதிவண்டி வாங்கிய நாளில் 43 முகங்களிலும் நிலவு. ஆனால் அந்த வண்டிகள் எங்கே செல்கின்றன? வீட்டிலிருந்து பள்ளிக்கு; பள்ளியிலிருந்து தனிப்பயிற்சிக்கு; அங்கிருந்து வீட்டுக்கு. இந்த முக்கோணத்தைத் தாண்டி ஒரு தெரு அதிகம் சென்றால், “எங்கே சுற்றிவிட்டு வருகிறாய்?” என்ற கேள்வி வாசலில் நிற்கும். சில வண்டிகள் அந்த முக்கோணத்துக்குள்ளும் வருவதில்லை. அண்ணன் வேலைக்கு எடுத்துச் செல்கிறார். அப்பா பால் கேன் கட்டிச் செல்கிறார்.

இந்நிலையில்தான் எங்கள் உடற்கல்வி ஆசிரியை ஒரு நாள் வகுப்பில், “சித்தன்னவாசல் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்” என்றார். ஒன்பது கைகள் எழுந்தன. உலகெங்கும் இருந்து மக்கள் தேடி வரும் ஓவியங்கள், நம் ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் அளவில் இருக்கின்றன. கொடைக்கானலைப் பார்த்த கைகள் 43. சித்தன்னவாசலைப் பார்த்த கைகள் ஒன்பது! ஆசிரியை சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “வண்டிகள்தாம் இருக்கின்றனவே” என்றார். அவ்வளவுதான், தீப்பொறி பஞ்சில் விழுந்தது.

பெற்றோர் கூட்டத்தில் பெரும் விவாதம் எழுந்தது. “ரோட்டுல ஜல்லி லாரி போற வேகத்தப் பாக்குறீங்கள்ல?” என்றார் ஒருவர். “வயசுப் புள்ளைகள சைக்கிள்ல ஊர் ஊரா அனுப்புறதா?” என்றார் மற்றொருவர். தலைமையாசிரியை அருட்சகோதரி இரு பக்கமும் கேட்டுக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தார். அப்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பாயி எழுந்து நின்றார்.

“சிஸ்டரம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா? தொண்ணூத்திரண்டுல நான் சைக்கிள் கத்துக்கிட்டேன். அப்ப எனக்கு முப்பது வயசு. கல் குவாரில ஜல்லி ஒடச்சுக்கிட்டு இருந்தேன். பகல்ல வேலை, ராத்திரி அறிவொளி வகுப்பு, அது முடிஞ்சு நிலா வெளிச்சத்துல சைக்கிள். முட்டியெல்லாம் தேஞ்சுபோச்சு. ஊரே சிரிச்சுச்சு. அப்பறம் அதே ஊரு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, தண்ணி கொண்டாந்து குடுன்னு எங்கிட்ட வந்து நின்னுச்சு. அன்னைக்கு நாங்க ஓட்டுனோம். இன்னைக்கு எங்க பேத்திக ஓட்டக் கூடாதா?”

கூட்டம் அடங்கிவிட்டது. நமக்கு இளையோருக்காக இங்கே சிறிது விளக்க வேண்டும். 1991-ஆம் ஆண்டு நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாதோருக்கு எழுத்தறிவிப்பதே அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். வயல் வேலை செய்தோர், கல்லுடைத்தோர், சிற்றூர்ச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். அதன் முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட நன்மை. பேருந்துக்குக் காத்திராமல், கணவரையோ தம்பியையோ எதிர்பாராமல், நினைத்த நேரத்தில் நினைத்த இடம் செல்லலாம் என்ற விடுதலையை அந்த வண்டி அவர்களுக்குத் தந்தது. நாட்டின் பிற பகுதியினரும் வியந்து பேசிய செய்தி இது. அந்தத் தாய்மாரின் பேத்திகளாகிய நாம், முக்கோணத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறோம்!

அனுமதி கிடைத்தது. 29 பேர் வர விரும்பினோம். 26 பேருக்கு வீட்டில் இசைவு தந்தார்கள். இரண்டு வாரம் விளையாட்டுப் பாடவேளையில் பயிற்சி. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, சங்கிலிக்கு எண்ணெய் உண்டா, காற்று சரியா என்று பார்க்கப் பழகினோம். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, இடப்புறமாகவே ஓட்டப் பழகினோம். பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பனி விலகுமுன், பள்ளி வாயிலிலிருந்து புறப்பட்டோம். முன்னே உடற்கல்வி ஆசிரியை மிதிவண்டியில்; பின்னே அருட்சகோதரி ஒருவர் முதலுதவிப் பெட்டி, குடிநீர், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் ஆகியவற்றுடன் சிறு வேனில்.

பேருந்தில் செல்லும்போது சாலை என்பது சேரும் இடத்துக்கு முன் கழிய வேண்டிய ஒன்று. மிதிவண்டியிலோ சாலையே ஒரு பாடப் புத்தகம். ஏற்றம் எது, இறக்கம் எது என்று எங்கள் கால்கள் சொல்லின. நம் மாவட்டம் சமவெளி என்று புவியியலில் எழுதிவந்தோம். அது எவ்வளவு மேடு பள்ளமானது என்று தொடைகள் அறிந்தன! நீர் ஏன் அந்தப் பள்ளத்தில் போய்ச் சேருகிறது, அங்கே ஏன் முன்னோர் கண்மாய் வெட்டினர் என்பது மிதிக்காமலே வண்டி உருண்ட இடத்தில் தானாகவே விளங்கியது.

முதல் கண்மாய்க் கரையில் நின்றோம். தாமரை இலைகள் நீரை மூடியிருந்தன. நடுவே சில மலர்கள். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கண்டோம். கலிங்கில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், எங்கள் வரிசையைக் கண்டு எழுந்து வந்தார். மடை எது, கலிங்கு எது, மிகுந்த நீர் எந்த ஓடை வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும் என்று கை நீட்டிக் காட்டினார். “கலிங்கு வழிஞ்சா மூணு ஊருக்குச் சோறு, தாயி” என்றார். இதுதான் நீர் மேலாண்மைப் பாடம்! பேருந்தில் சென்றிருந்தால் அவரும் எங்களைப் பார்த்திருக்க மாட்டார். நாங்களும் அவரைப் பார்த்திருக்க மாட்டோம்.

அடுத்து, தைலமரக் காட்டினூடே சாலை சென்றது. நெடுக நேராக நட்ட மரங்கள். பசுமையாகத்தான் இருந்தன. ஆனால் நிழல் மெலிந்திருந்தது. பறவை ஒலியே கேட்கவில்லை. எங்கள் சக்கரங்களின் ஓசை மட்டுமே கேட்டது. அதைத் தாண்டியதும் ஓர் அய்யனார் கோயில் காடு. மண்குதிரைகள் இரண்டு, ஒன்றுக்குக் காது இல்லை. பெயர் தெரியாத பல மரங்களும் கொடிகளும் பின்னிக் கிடந்தன. உள்ளே நுழையுமுன்பே குளிர்ச்சி எங்கள் முகத்தில் பட்டது. மைனாவும் கிளியும் ஓயாமல் ஒலித்தன. எது காடு, எது தோப்பு என்பதை எங்கள் தோலே எங்களுக்குக் கற்பித்தது. வெட்டாமல், கிளை முறிக்காமல், ஓர் ஊர் தன் தெய்வத்துக்கு அஞ்சிக் காத்த காடு அது. அந்தச் சிறு காட்டின் முன் எங்கள் சூழலியல் பாடம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் அன்று கறியே சமைத்து உண்டோம் எனலாம்.

எல்லாம் இனிமை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சீமைக்கருவை முள் தைத்து ஒரு வண்டியின் காற்று இறங்கியது. சிற்றூர்க் கடையில் டியூபை நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வரும் இடம் கண்டு ஒட்டுவதைச் சுற்றி நின்று பார்த்தோம். திரும்பும்போது மற்றொரு வண்டியில் முள் ஏறியது; அதை நாங்களே ஒட்டினோம். ஒருத்தி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். மெதுவாக வருபவர்களுக்காகக் காத்திருப்பதா வேண்டாமா என்று இரு அணிகளாகிச் சண்டையிட்டோம். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் மூவர் சிறிது தூரம் பக்கத்திலேயே வந்து கேலி பேசினார்கள். ஆசிரியை கை உயர்த்தினார். 26 வண்டிகளும் நின்றன. நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. அனைவரும் அவர்களையே பார்த்தோம். அவர்கள் போய்விட்டார்கள். தனியாக இருந்தால் அஞ்சியிருப்போம் என்பது உண்மை. கூட்டமாக இருந்ததால் அஞ்சவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை நாங்கள் இதற்குமுன் அறிந்திருக்கவில்லை.

சித்தன்னவாசலை அணுகும்போது, சாலையோரத்தில் வட்டமாகக் கிடந்த பெருங்கற்களைக் கண்டோம். இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வைத்த கற்கள் என்றார் ஆசிரியை. அடுத்து மலை. ஏழடிப்பட்டத்துக்குப் படி ஏறி, மறுபக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், இயற்கையான குகைத்தளம். அங்கே சமண முனிவர்க்கென வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள். தலையணைபோல் உயர்த்திய தலைமாடு. அவற்றுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. பதினாறு கிலோமீட்டர் மிதித்து, மலையும் ஏறிய களைப்பில் அந்தக் குகையின் நிழலில் நின்றபோது, அந்த முனிவர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. காற்று வந்தது, கீழே நிலம் விரிந்து கிடந்தது, அமைதி இருந்தது.

பிறகு அறிவர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் தாமரைக் குளம். மலரும் மொட்டும் இலையும், மீனும் அன்னமும், எருமையும் யானையும், மலர் கொய்யும் மனிதரும் அதில் உள்ளனர். வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆயினும் எங்களுள் ஒருத்தி, “அடி, இது காலையில பார்த்த கண்மாய்டி!” என்று கூவினாள். ஆம்! அதே இலை, அதே தண்டின் வளைவு. ஓவியர் அதை எந்தக் கற்பனை உலகிலிருந்தும் கொண்டுவரவில்லை. இந்த நாட்டுக் கண்மாய்க் கரையில் நின்று கண்டிருப்பார். அந்தக் கரையில் அன்று காலை நாங்களும் நின்றிருந்தோம். பேருந்தில் நேரே கோயிலுக்கு வந்து இறங்கியிருந்தால், அதை ஓர் அழகிய பழைய படம் என்று பார்த்துவிட்டுப் போயிருப்போம். வழியைக் கண்டவருக்கே சேரும் இடம் விளங்குகிறது. எங்கள் கருத்தின் உயிர்நிலை இதுவே.

இனி, எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு வருவோம்.

பெண்பிள்ளைகளுக்கு இது தகுமா என்று கேட்கிறார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் நம் ஊர்ச் சாலைகளில் வேளாங்கண்ணிக்குக் காவியுடையில் நடந்து செல்லும் கூட்டத்தில் பெண்கள் இல்லையா? தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடப்போருள் பாட்டிமார் இல்லையா? உடலை வருத்தி, வழியில் உள்ளோரிடம் மோர் வாங்கிக் குடித்து, பல நாள் பயணம் செய்வது நம் பெண்களுக்குப் புதிதன்று. 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோதும், ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் தந்தார். 1912-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இந்த ஊரில் “தகுமா?” என்ற கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதற்கு விடை ஒன்றே.

சாலையில் ஆபத்து இல்லையா? உண்டு. அதை மறுக்க மாட்டோம். ஆகவேதான் பெருஞ்சாலையை விடுத்து உட்சாலையில் செல்ல வேண்டும், விடியற்காலையில் புறப்பட வேண்டும், தலைக்கவசம் வேண்டும், பெரியோர் துணை வேண்டும் என்கிறோம். நம்மில் பலர் நாள்தோறும் இதே லாரிகளுக்கு நடுவே தன்னந்தனியே பள்ளிக்கு வருகிறோம். முறையாக ஓட்டக் கற்றால் அந்த அன்றாடப் பயணமும் காப்புப் பெறும் அன்றோ?

படிப்புக் கெடாதா? ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று கற்றதை மேலே எழுதியிருக்கிறோம். வரலாறு, புவியியல், சூழலியல், தமிழ் என்று பிரித்துக்கொள்வது ஆசிரியைகள் பாடு.

கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு; அதை நாங்களே சொல்லிவிடுகிறோம். வழியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் எங்களில் பலர் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே ஓட்டினோம். வெயிலில் அது எவ்வளவு தீங்கு என்பதைப் பிறகே உணர்ந்தோம். அருட்சகோதரி முன்னதாகவே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பேசி வைத்திருந்ததால் பிழைத்தோம். பெண்கள் வெளியே வர வேண்டும் என்று மேடையில் முழங்குவோர், வந்த பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விளையாட்டுக் கண்ணோட்டத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நம் விளையாட்டு விழாவில் ஓடுபவர் இருபது பேர். கைதட்டுபவர் பல நூறு பேர். அந்த இருபதில் நாங்கள் பெரும்பாலோர் இல்லை. ஆனால் அன்று 26 பேரும் விளையாட்டு வீராங்கனைகளே. முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை. ஏனெனில் கடைசியாக வருபவர் சேரும்வரை யாரும் வந்து சேர்ந்ததாகக் கணக்கு இல்லை. போட்டி இல்லாத இந்த விளையாட்டில் எங்கள் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை முதன்முறையாக அறிந்தோம். இரண்டு நாள் கால்வலி இருந்தது. அந்த வலியிலும் ஒரு பெருமை இருந்தது.

ஆகவே நம் தலைமையாசிரியை அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் எங்கள் வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம். முதலாவதாக, மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர்க்கு ஆண்டுதோறும் ஒரு மிதிவண்டிச் சுற்றுலா வேண்டும். செல்ல வேண்டிய இடங்களுக்கா பஞ்சம்? விசயாலய சோழீசுவரம் நிற்கும் நார்த்தாமலை இருக்கிறது. இசைக் கல்வெட்டுடைய குடுமியான்மலை இருக்கிறது. கோட்டையும் குடைவரையும் கொண்ட திருமயம் இருக்கிறது. இரண்டாவதாக, எட்டாம் வகுப்பிலிருந்தே உடற்கல்விப் பாடவேளையில் மிதிவண்டி ஓட்டவும், பஞ்சர் ஒட்டவும், சாலை விதிகளைப் பின்பற்றவும் கற்றுத்தர வேண்டும். மூன்றாவதாக, வீட்டுத் தேவைக்கு வண்டியைக் கொடுத்துவிட்ட தோழியருக்காகப் பள்ளியில் சில வண்டிகள் இருக்க வேண்டும். ஓட்ட இயலாத தோழியரையும் விட்டுவிடாமல் வேனில் அழைத்துச் சென்று, வழியில் நாம் நிற்கும் இடமெல்லாம் அவர்களும் இறங்கி நிற்குமாறு செய்ய வேண்டும். கொடைக்கானலையும் கன்னியாகுமரியையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே பேருந்தில்தான் போக முடியும். போன பிறகு ஏழு இடங்களுக்குப் பதில் இரண்டு இடங்களுக்கு நடந்து போவோமே!

முடிக்குமுன் ஒரு செய்தி. இசைவு கிடைக்காத மூவருள் ஒருத்தியின் வீடு நாங்கள் சென்ற சாலையிலேயே இருக்கிறது. சித்தன்னவாசல் மலை அவள் வீட்டு வாசலிலிருந்து தெரியும். பள்ளியில் அவளுக்குக் கொடுத்த வண்டியில் அவள் அண்ணன் வேலைக்குப் போகிறார். அவள் பேருந்தில் பள்ளிக்கு வருகிறாள். நாங்கள் வருவோம் என்று அறிந்து, விடியற்காலையிலேயே குடத்தில் நீர் பிடித்துவைத்து, செம்புடன் வாசலில் நின்றாள். 26 பேருக்கும் ஊற்றினாள். “பாத்துப் போங்கடி” என்றாள். நாங்கள் வளைவு திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் எங்களிடம் ஓவியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கற்படுக்கையைப் பற்றியும் கேட்கவில்லை. “மேல ஏறுனா எங்க வீடு தெரியுதா?” என்று ஒன்றே கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. 26 பேரும் அத்தனை உயரத்தில் நின்றோம். ஒருத்தியும் அந்தப் பக்கம் அவள் வீட்டைத் தேடிப் பார்க்கவில்லை.

தன் ஊரையும் தன் வீட்டையும் மலைமேல் நின்று பார்க்க ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லையா? அவள் தந்தையை எங்கள் ஆசிரியை ஒரு முறை சந்தித்துப் பேசிவிட்டார். “பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். தேர்வு முடிந்ததும் அந்த அப்பாயியை அழைத்துக்கொண்டு நாங்களும் போய்க் கேட்கப்போகிறோம். அடுத்த முறை 27 வண்டிகள் புறப்பட வேண்டும். அவள் கேட்ட கேள்விக்கு அவளே மேலே ஏறி விடை காண வேண்டும்.

தோழியரே, உங்கள் வண்டியின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்!